தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 176, சிக்கிம் எம்.எல்.ஏ.வுக்கு 7: குடியரசுத் தலைவர் தேர்தலின் கணக்கு

2022 ஜூலை 18 அன்று நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரின் வாக்கும் 176 என்று எண்ணப்பட்டது. உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வின் வாக்குக்கு 208. புதுச்சேரிக்கு 16, சிக்கிமுக்கு 7. எம்.பி. என்றால் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் 700. ஆளுக்கு ஒரு வாக்கு, எல்லா வாக்கும் சமம் என்று பழகிய நமக்கு இது விசித்திரமாகத்தான் தெரியும். அதைவிடப் பெரிய விசித்திரம் ஒன்று உண்டு. ரப்பர் ஸ்டாம்ப் என்று எல்லோரும் கேலி செய்கிற ஒரு பதவிக்கு இத்தனை நுணுக்கமான கணக்கு எதற்கு?

அரசியல் நிர்ணய சபையில் இது விரிவாகவே பேசப்பட்டது. மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று சபை உறுப்பினர் கே.டி. ஷா வாதாடினார். நேருவும் அம்பேத்கரும் ஏற்கவில்லை. நாடு முழுவதும் சுற்றி ஓட்டுக் கேட்டு ஜெயித்து வருகிறவர், பிரதமர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாரா? இரண்டு அதிகார மையங்கள் உருவாகிவிடும். சரி, நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கட்டும் என்றால் ஆளுங்கட்சி கைகாட்டுகிறவர்தான் வருவார்; பிரதமருக்கும் அவருக்கும் ஒரே கூட்டம் ஓட்டுப் போட்டதாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டார்கள். நாடாளுமன்ற இரு அவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த உறுப்பினர்களும், மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் சேர்ந்து வாக்களிப்பார்கள். 1992-இல் வந்த 70-ஆவது திருத்தம் டெல்லி, புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களையும் சேர்த்தது. நியமன உறுப்பினர்களுக்கு வாக்கு இல்லை. சட்ட மேலவை உறுப்பினர்களுக்கும் இல்லை.

கூட்டாட்சியின் தலைவர் என்பதால் மத்தியும் மாநிலங்களும் சம எடையில் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அரசமைப்பின் 55-ஆவது பிரிவு சொல்லும் கொள்கை. எடைக் கணக்கு முழுவதும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

மாநிலத்தின் மக்கள்தொகையை அதன் எம்.எல்.ஏ.க்கள் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை மறுபடி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டின் 4,11,99,168 பேரை 234-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,76,065. ஆயிரத்தால் வகுத்தால் 176. எல்லா மாநில எம்.எல்.ஏ.க்களின் மதிப்பையும் கூட்டியபோது 2022-இல் வந்தது 5,43,231. எம்.பி.க்களின் மொத்த மதிப்பும் ஏறக்குறைய அதே அளவு இருக்க வேண்டும் என்பதால், அந்தத் தொகையை 776 எம்.பி.க்களால் வகுத்தார்கள். ஆளுக்கு 700 வந்தது. 2017-இல் இது 708 ஆக இருந்தது. ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றம் இல்லாமல் போனதால், அங்கிருந்து வரவேண்டிய 6,264 விடுபட்டது. தராசின் ஒரு தட்டில் எடை குறைந்தால் மறு தட்டிலும் தானாகவே குறையும்படிதான் அமைப்பு.

மேலே சொன்ன நாலு கோடிச் சொச்சம் எந்த ஆண்டின் மக்கள்தொகை? 1971. கணினிக் காலத்திலும் குடியரசுத் தலைவரை 1971-ஆம் ஆண்டு மக்கள்தொகையை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்களின் அரசியல் எடை குறைந்துவிடக் கூடாது என்று 1976-இல் 42-ஆவது திருத்தம் இந்த எண்ணிக்கையை உறைய வைத்தது. 2001-இல் வந்த 84-ஆவது திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும்வரை அதை நீட்டித்தது. தொகுதி மறுவரையறை பற்றிய சண்டை நம் எல்லோருக்கும் தெரியும். அதே உறைபனிக்குள் குடியரசுத் தலைவர் தேர்தலும் உட்கார்ந்திருப்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

பீகாரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பீகாரின் எல்லைக்குள் 1971-இல் இருந்தவர்கள் சுமார் 4.21 கோடி, தமிழ்நாட்டில் 4.12 கோடி. கிட்டத்தட்டச் சமம். அதனால் பீகார் எம்.எல்.ஏ.வின் மதிப்பு 173, நம்முடையது 176. 2011 கணக்கெடுப்பில் பீகார் 10.4 கோடியைத் தாண்டிவிட்டது, தமிழ்நாடு 7.2 கோடியில் நின்றது. அந்த எண்களை அதே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் பீகார் எம்.எல்.ஏ.வுக்கு 428, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 308, உத்தரப் பிரதேசத்துக்கு 496 என்று வருகிறது. மாநிலங்களின் மொத்த எடையில் இப்போது ஏழரை சதவீதமாக இருக்கும் தமிழ்நாட்டின் பங்கு ஆறு சதவீதத்துக்கு இறங்கும். அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1. திரௌபதி முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது. விவரங்கள் வெளியாவதற்குள் தேர்தல் வந்துவிட்டால் இந்தச் சட்டப்படி பழைய எடையிலேயே நடக்கும். 2032-இல் வேறு தராசு.

இனி வாக்குச்சீட்டுக்கு வருவோம். இயந்திரம் கிடையாது, நோட்டா கிடையாது, சின்னமும் கிடையாது. எம்.பி.க்களுக்குப் பச்சை நிறச் சீட்டு, எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்பு. வேட்பாளர் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். முதல் விருப்பம் கட்டாயம், மற்றவை அவரவர் இஷ்டம். எண்ணை எந்த இந்திய மொழியின் எண் வடிவத்திலும் போடலாம். தமிழ் எண்ணாக ‘௧’ போட்டாலும் செல்லும். ‘ஒன்று’ என்று எழுத்தில் எழுதினால் செல்லாது. சொந்தப் பேனா கூடாது. 2016-இல் ஹரியானா மாநிலங்களவைத் தேர்தலில் மை மாறிப்போன தகராறுக்குப் பிறகு, 2017 முதல் தேர்தல் ஆணையமே ஊதா மைப் பேனா கொடுக்கிறது. இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பிறகு 2022-இல் 53 வாக்குகள் செல்லாதவை ஆயின. அதில் 15 எம்.பி.க்கள் போட்டவை. நாட்டுக்குச் சட்டம் எழுதுகிறவர்கள்!

மாநிலத் தலைநகரங்களில் வாக்குப்பதிவு முடிந்ததும் பெட்டிகள் விமானத்தில் டெல்லி போகின்றன, அதிகாரிக்குப் பக்கத்து இருக்கையில், ‘மிஸ்டர் பேலட் பாக்ஸ்’ என்ற பெயரில் எடுத்த தனி டிக்கெட்டில்.

வெற்றிக்குச் செல்லத்தக்க வாக்கு மதிப்பில் பாதிக்கு மேல் வேண்டும். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் அது கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி அவருடைய சீட்டுகளில் இருக்கும் அடுத்த விருப்பத்தை மற்றவர்களுக்குச் சேர்ப்பார்கள். பெரும்பாலும் இதற்கு வேலையே வராது. 2022-இல் முர்மு 6,76,803, யஷ்வந்த் சின்ஹா 3,80,177. 2002-இல் அப்துல் கலாம் 9,22,884, எதிர்த்து நின்ற கேப்டன் லட்சுமி சேகல் 1,07,366. எல்லாம் முதல் சுற்றிலேயே முடிந்த கதைகள். ஒரே ஒரு முறைதான் இரண்டாம் விருப்பம் வரை போக வேண்டி வந்தது. அந்த ஒரு முறை காங்கிரஸ் கட்சியையே இரண்டாக உடைத்தது.

1969 மே 3 அன்று ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைத் தலைவர் வி.வி. கிரி பொறுப்பேற்றார். யாரை நிறுத்துவது என்பதில் பிரதமர் இந்திரா காந்திக்கும், காமராஜர், கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா முதலான, ‘சிண்டிகேட்’ எனப்பட்ட மூத்த காங்கிரஸ் தலைவர்களுக்கும் முட்டிக்கொண்டது. பெங்களூரில் கூடிய கட்சியின் நாடாளுமன்றக் குழு, இந்திரா விரும்பாத நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தேர்வு செய்தது. கிரி சும்மா இருக்கவில்லை. ஜூலை 19-இல் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் பதவி விலகி, சுயேச்சையாகக் களத்தில் இறங்கிவிட்டார். தலைமை நீதிபதி இதயத்துல்லா சில வாரங்கள் குடியரசுத் தலைவர் பொறுப்பைப் பார்த்தார்.

மூன்றாவதாக, சுதந்திரா கட்சியும் ஜனசங்கமும் முன்னாள் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்கை நிறுத்தின. அவர்களுடைய இரண்டாம் விருப்ப வாக்கை ரெட்டிக்குக் கேட்டு நிஜலிங்கப்பா பேச்சு நடத்தியதைப் பிடித்துக்கொண்ட இந்திரா தரப்பு, உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கட்டும் என்றது. கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளரைப் பிரதமரே கைவிட்டார் என்றுதான் அதற்கு அர்த்தம். தி.மு.க. கிரியை ஆதரித்தது. முதல் எண்ணிக்கையில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. வெற்றிக்குத் தேவை 4,18,169. கிரிக்கு 16,654 குறைவு. தேஷ்முக்கின் சீட்டுகளில் பெரும்பகுதி ரெட்டிக்கே போனது. ஆனாலும் சிந்தியதும் சிதறியதுமாகக் கிரிக்குக் கிடைத்தது போதுமானதாக இருந்தது. இறுதியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. எல்லைக்கோட்டை 1,908 மதிப்பில் தாண்டினார். ஒரு பதின்மூன்று எம்.பி.க்கள் கிரியை விட்டு ரெட்டி பக்கம் போயிருந்தால் கதை மாறியிருக்கும். சில மாதங்களில் காங்கிரஸ் பிளந்தது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இந்தத் தேர்தலில் கட்சிக் கொறடா உத்தரவு செல்லாது, வாக்கு ரகசியம், கட்சித் தாவல் தடைச் சட்டமும் பொருந்தாது. எனவே சட்டப்படி பார்த்தால் ஒவ்வொரு குடியரசுத் தலைவர் தேர்தலும் மனசாட்சி வாக்குதான். நடைமுறையில் கட்சிகள் கூடி எண்ணிப் பார்த்து, முடிவு தெரிந்த பிறகே தேர்தலுக்குப் போகின்றன. விதிவிலக்காகச் சிலர் கூட்டணியைத் தாண்டிப் போவதுண்டு. 2007-இல் பா.ஜ.க. கூட்டணியில் இருந்த சிவசேனா, மராட்டியர் என்பதற்காகப் பிரதிபா பாட்டீலுக்கு வாக்களித்தது.

1969 தேர்தலை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. இந்தத் தேர்தல் வழக்குகளை அந்த நீதிமன்றம் மட்டுமே விசாரிக்க முடியும். பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவரான கிரி நேரில் வந்து சாட்சி சொன்னார். மனு தள்ளுபடியானது. அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் வேட்புமனுப் போடலாம். 1967-இல் நின்ற 17 பேரில் 9 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. அப்புறம்தான் கதவை இறுக்கினார்கள். 1974-இல் பத்துப் பேர் முன்மொழிய, பத்துப் பேர் வழிமொழிய வேண்டும் என்றார்கள். 1997 முதல் அது ஐம்பது, ஐம்பது. டெபாசிட் 15,000 ரூபாய். விளையாட்டுக்கு நிற்பவர்களைத் தடுத்தது சரி. ஆனால் நூறு மக்கள் பிரதிநிதிகள் கையெழுத்துப் போடாமல் எவ்வளவு பெரிய அறிஞரும் நிற்க முடியாது என்பதால், இந்தப் பதவி முழுக்கக் கட்சிகளின் கைக்குப் போனதற்கும் இந்த விதி ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இவ்வளவு எடைபோட்டுத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர் என்ன செய்யலாம்? முப்படைகளின் தலைமை, அவசரநிலை, ஆளுநர் நியமனம், நீதிபதிகள் நியமனம், மன்னிப்பு என்று ஏட்டில் எல்லாமே அவர் பெயரில் இருக்கின்றன. அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டுமா என்று முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தே 1960-இல் வெளிப்படையாகக் கேட்டார். ஆம் என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 42-ஆவது திருத்தம் அதை எழுத்திலேயே போட்டது. 1975 ஜூன் 25 இரவு, அமைச்சரவை கூடாமலேயே, பிரதமர் அனுப்பிய அவசரநிலைப் பிரகடனத்தில் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அமைச்சர்களுக்கு மறுநாள் காலைதான் தெரிந்தது. அதற்குப் பரிகாரமாக 1978-இல் வந்த 44-ஆவது திருத்தம், அமைச்சரவையின் எழுத்துபூர்வ முடிவு இல்லாமல் அவசரநிலை கூடாது என்றது. கூடவே, ஆலோசனையை ஒரு முறை திருப்பி அனுப்பும் உரிமையைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுத்தது. இரண்டாம் முறை வந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த ஒரு முறையை நன்றாகப் பயன்படுத்தியவர் கே.ஆர். நாராயணன். 1997-இல் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்க குஜ்ரால் அரசு அனுப்பிய பரிந்துரையையும், 1998-இல் பீகாருக்கு வாஜ்பாய் அரசு அனுப்பியதையும் திருப்பினார். இரண்டு முறையும் அரசு அப்போதைக்குப் பின்வாங்கியது. 2006-இல், எம்.பி.க்கள் வகிக்கும் சில அரசுப் பதவிகளுக்கு விலக்குத் தரும் ஆதாயப் பதவி மசோதாவைக் கலாம் திருப்பியபோது நாடாளுமன்றம் அப்படியே மீண்டும் நிறைவேற்றியது, அவர் கையெழுத்திட்டார். ஜெயில் சிங் வேறு வழி பிடித்தார். 1986-இல் நிறைவேறிய அஞ்சலகத் திருத்த மசோதா, கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. அவர் கையெழுத்தும் போடவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. பதவி முடியும்வரை மேசையிலேயே வைத்திருந்தார். இத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று அரசமைப்பில் எங்கும் இல்லை. அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார்.

குடியரசுத் தலைவர் உண்மையிலேயே தனியாக முடிவெடுக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது யாரைப் பிரதமராக அழைப்பது. 1979-இல் சஞ்சீவ ரெட்டி, ஆம், 1969-இல் தோற்று 1977-இல் போட்டியின்றி வந்த அதே ரெட்டி, சரண் சிங்கை அழைத்தார். நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலேயே அவர் கொடுத்த ஆலோசனையை ஏற்று மக்களவையைக் கலைத்தார். ஜகஜீவன் ராமுக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை என்ற குறை கடைசிவரை தீரவில்லை. 1996-இல் சங்கர் தயாள் சர்மா தனிப்பெரும் கட்சி என்று வாஜ்பாயை அழைத்தார். ஆட்சி 13 நாளில் கவிழ்ந்தது. அதைப் பார்த்திருந்த நாராயணன் 1998-இல் ஆதரவுக் கடிதங்களைக் கேட்டார். அ.தி.மு.க.வின் கடிதம் வருவதற்குள் பா.ஜ.க. பட்ட பாடு அந்த வருடத்தின் பெரிய நாடகம். அடுத்த ஆண்டு அதே அ.தி.மு.க. ஆதரவை விலக்கியபோது, நம்பிக்கை வாக்குக் கோரும்படி அவர் சொல்ல, ஒரே ஒரு வாக்கில் அரசு கவிழ்ந்தது.

பெரும்பான்மை அரசு இருக்கும் காலத்தில் இந்த வாய்ப்பும் இல்லை. அப்போது குடியரசுத் தலைவரின் முடிவு என்று செய்தியில் வருவது பெரும்பாலும் மத்திய அரசின் முடிவுதான். தமிழ்நாட்டுக்கு இது பலமுறை உறைத்திருக்கிறது. ராஜீவ் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற மூவரின் கருணை மனுக்கள் 11 ஆண்டுகள் கிடந்து 2011-இல் நிராகரிக்கப்பட்டன. அந்தத் தாமதத்தையே காரணமாகச் சொல்லி 2014-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது.

மாநில மசோதாக்களின் கதையும் இதுவே. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுச் சட்டத் திருத்தம் நிறைவேறி ஒரு வாரத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. மெரினாவில் கூடிய கூட்டத்துக்குப் பிறகு டெல்லி அவசரப்பட்டது. நீட் விலக்கு மசோதா 2022 பிப்ரவரியில் இரண்டாம் முறை நிறைவேறி, குடியரசுத் தலைவரிடம் போய், மூன்று ஆண்டுகள் கழித்து 2025 ஏப்ரலில் நிராகரிக்கப்பட்ட செய்திதான் திரும்பி வந்தது. பதவி ஒன்றே, மாநிலம் ஒன்றே. மாறியது மத்திய அரசின் விருப்பம். தேர்தலில் பாதி எடை மாநிலங்களுடையது. ஆனால் பதவியேற்ற மறுநாளிலிருந்து அவர் கேட்டு நடக்க வேண்டியது மத்திய அமைச்சரவையை மட்டும். பதவி நீக்கத்திலும் மாநிலங்களுக்கு இடமில்லை. 61-ஆவது பிரிவின்படி இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து நீக்கலாம். அப்போது நியமன எம்.பி.க்களுக்குக்கூட வாக்குண்டு, எம்.எல்.ஏ.க்களுக்குக் கிடையாது. இதுவரை ஒரு முறைகூட அந்தப் பிரிவு பயன்படவில்லை.

2025 ஏப்ரல் 8 அன்று, மசோதாக்களை ஆளுநர் நிறுத்திவைத்ததை எதிர்த்துத் தமிழ்நாடு தொடுத்த வழக்கில், மாநில மசோதாக்கள் மீது குடியரசுத் தலைவரும் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது. அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை அதே நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அந்தக் கேள்விகளை அனுப்பியதும் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான். நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது: நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, கெடு கடந்தால் ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது, காரணமே சொல்லாமல் நீண்டகாலம் இழுத்தடித்தால் மட்டும், முடிவெடுங்கள் என்று சொல்லலாம். எது நீண்டகாலம் என்பதற்கு எண் எதுவும் இல்லை. 1986-இல் ஜெயில் சிங் பயன்படுத்திய அதே இடைவெளி திறந்தே இருக்கிறது. அவர் அதைப் பிரதமருக்கு எதிராகப் பயன்படுத்தினார். இப்போது அது மாநிலங்களுக்கு எதிராகப் பயன்படுகிறது.